முத்துப்பேச்சியின் ஒப்பு

டீ வேண்டாம் சார். வரும் வழியில் மறையூர் முக்கில் குடித்துவிட்டேன். எழுதிக்கொள்பவர் தயார் என்றால் தொடங்கிவிடலாம்.

படம் எடுப்பது பெரிய வித்தையில்லை. எடுத்த படத்தை இணையத்தில் எந்த உரிமத்தில் விற்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் மனுஷன் தடுக்கி விழுகிறான். தேயிலைத் தோட்டத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்து உடனே அச்சுப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எல்லார் கையிலும் நல்ல போன் வந்தபிறகு என்னை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் அக்கா முத்துப்பேச்சி கொழுந்து கிள்ளிக் கொண்டுவருவதில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவளுக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கியது. ஓய்வுபெற்றால் லயத்து வீட்டைத் தோட்டத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்காது சார். படம் விற்கும் தளத்தில் சேர்ந்ததே அந்தப் பயத்தில்தான்.

அங்கே முதல் கேள்வியே எந்த உரிமம் என்பது. செய்திக்கு மட்டும் என்று போட்டால் படத்தில் இருப்பவரின் சம்மதம் வேண்டாம், ஆனால் வாங்க ஆள் வராது. விளம்பரத்துக்கும் ஆகும் என்று போட்டால் அவர் ஒப்பு வேண்டும். கையெழுத்தை எங்கள் பக்கம் ஒப்பு என்போம், மலையாளம் ஒட்டிக்கொண்டது. அதிலும் இரண்டு வகை. ஒருமுறை விலை கொடுத்தவன் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்வது ஒன்று. இன்ன இடத்தில், இன்ன காலம்வரை என்று பேசி ஒருவருக்கே கொடுப்பது மற்றது.

முதலில் பக்கத்து வீட்டு மாரீஸ்வரியை எடுத்தேன். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒப்பு போட்டாள். சீக்கிரம் விற்கட்டும் என்று முதல் வகையில் போட்டேன். விற்றது. கொஞ்ச நாளில் மூணாறில் பேருந்து நிற்கும் இடத்தில் குடியை நிறுத்தவைக்கும் நிலையம் ஒன்றின் விளம்பரப் பலகை வந்தது. குடிகாரனிடம் அடிபட்டு அழுகிற மனைவியாக அதில் மாரீஸ்வரி நின்றாள். அவள் புருஷன் சோலை சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர். ஊர் சிரித்த சிரிப்பில் அவர் கோயில் கமிட்டிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். உரிமத்தில் தவறில்லை சார். எல்லாம் விதிப்படிதான் நடந்தது.

அதன்பிறகுதான் அக்காவின் படம். மழையில் தலைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நின்றாள். நான் சேற்றில் வழுக்கி விழுந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். விழுந்து கிடந்தபடியே எடுத்தேன். அப்படி ஒரு படம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. கொச்சியிலிருந்து நிமி என்கிற ஏஜென்ட் கூப்பிட்டார். ஒரு தேயிலைக் கம்பெனி அந்த முகத்தைப் பொட்டலத்தில் போட ஆசைப்படுகிறது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஒப்பு மட்டும் வாங்கி அனுப்புங்கள் என்றார். அது கைகூடினால் உடுமலைப் பக்கம் சொந்தமாக ஒரு கூரை. அக்காவுக்கும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

அவள் மசியவில்லை.

"ஏலே லோகேசு, மாரீஸ்வரிகிட்டயும் நீ இப்படித்தானல சொன்ன?"

"இது வேற உரிமம்க்கா. டீப் பொட்டலம் மட்டுந்தான்."

"என்னமும் இருக்கட்டும். என் மூஞ்சிய நான் யாருக்கும் குடுக்கல. ஒப்பு போட மாட்டேன். கஞ்சியோ கூழோ, ஒன்ன நான் என்னைக்காவது பட்டினி போட்டிருக்கனா?"

போட்டதில்லை சார். அம்மா அப்பா போனபின் கல்யாணமே வேண்டாமென்று என்னை வளர்த்தவள். இந்தக் கேமராவே அவள் வாங்கிக் கொடுத்தது. கெஞ்சிப் பார்த்தேன், காலைப் பிடித்துக்கூட அழுதேன். அவள் ஒப்பை நானே போட்டிருக்கலாம், ஆனால் அந்தக் கள்ளத்தனம் எனக்கு வராது. படத்தில் இருப்பவர் உயிரோடு இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்று நிமியிடம் கேட்டது வெறும் தகவலுக்காகத்தான். வாரிசு ஒப்பு போட்டால் போதும் என்றார். அக்காவுக்கு என்னைவிட்டால் யாரும் கிடையாது.

அவளுக்கு இழுப்பு உண்டு. வாயில் வைத்து அடிக்கும் மருந்தை எப்போதும் மடியில் செருகியிருப்பாள். என்னோடு வெளியே வந்தால் என் கேமரா பையில் போட்டுவிடுவாள். அன்று மலைமேல் காளியம்மன் கோயிலுக்குப் போவோம் என்றேன். தம்பிக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள உடனே கிளம்பிவிட்டாள். பாதி ஏற்றத்தில் மூடுபனி இறங்கியது. மூச்சு முட்டிப் பாறைமேல் உட்கார்ந்தாள். என் பக்கம் கையை நீட்டினாள்.

பையில் தேடினேன், கிடைக்கவில்லை என்று அன்று விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். தேடியது உண்மை. கிடைத்தது. லென்சுக்கு அடியில் இருந்தது, விரலில் பட்டது. ஜிப்பை இழுத்து மூடினேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது. "தம்பி" என்றாள். மறுபடி வாயசைத்தபோது சத்தம் வரவில்லை. கடைசியில் பனி விலகி அவள் முகத்தில் நல்ல வெளிச்சம் விழுந்தது. அப்போதும் நான் படம் எடுக்கவில்லை சார். விருப்பமில்லை என்று வாய்திறந்து சொன்னவளை எடுப்பது முறையல்ல.

பிறகு நிமிக்கு அனுப்பிய தாளில் வாரிசு என்ற இடத்தில் இருப்பது என் ஒப்புதான், கள்ள ஒப்பு இல்லை. பொட்டலம் கடைக்கு வந்ததும் மாரீஸ்வரி அதைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். முத்துப்பேச்சி ஒப்பு போட மறுத்தது அவளுக்குத் தெரியும். அவளுக்கு என்மேல் பழைய கோபம், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

காகிதத்தைக் கொடுங்கள், ஒப்பு போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். வாசலில் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நிற்கிறார்கள். செய்திக்கு என்றால் சம்மதம் தேவையில்லை, எனக்குத் தெரியாதா. இருந்தாலும் ஒரு துண்டு கொடுங்கள், முகத்தை மூடிக்கொண்டு போகிறேன். ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கலாமா சார்? என் முகம் அல்லவா.