நானூத்தி எண்பது ஏக்கர்

ஆர்லிஸ்: நிறுத்து, நிறுத்து. மணி அடிச்சிருச்சு.

டெல்மர்: அதுக்குள்ளயா? நான் இன்னும் எங்கப்பா காலத்தையே தாண்டலையே.

ஆர்லிஸ்: இருக்கிறது மூணு நிமிஷம். அதுல உங்கப்பாவ ஏன் இழுக்கிற? பேரச் சொல்லு, நிலத்தச் சொல்லு, வரியச் சொல்லு, எந்திரிச்சு வா.

டெல்மர்: உன் டைமர் வேகமா ஓடுது.

ஆர்லிஸ்: இந்த டைமரை வச்சுத்தான் இருபத்தாறு வருஷமா ஊர்ப் பொம்பளைங்களுக்கு முடி சுருட்டி விடறேன். இது தப்பா ஓடியிருந்தா பாதிப் பேரு மொட்டையா திரிஞ்சிருப்பாங்க.

டெல்மர்: ஓகோ... நான் அப்படித்தான் மொட்டையானேனா?

ஆர்லிஸ்: உன் மொட்டைக்கு உன் தொப்பிதான் காரணம். ரோட்டைப் பாரு. லாரி வருது.

டெல்மர்: பாத்துட்டேன், பாத்துட்டேன். எனக்கு ஒண்ணு நெனச்சா சிரிப்பா வருது. நான் லிங்கன்ல இருக்கிற சட்டசபைக் குழு முன்னாடி போறது முடி வெட்டுறதுக்கும் வரி போடுங்கன்னு சொல்ல. நீ போறது போடாதீங்கன்னு சொல்ல. ரெண்டு பேரும் ஒரே வண்டியில. டீசல் என் காசு.

ஆர்லிஸ்: காப்பி என் காசு. உனக்குப் பேச்சு எழுதிக் குடுத்ததும் நான். எதிராளிக்கு எழுதிக் குடுத்தவ இந்த மாநிலத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். என் வண்டி மட்டும் படுக்காம இருந்தா உன் கூட யாரு வரப்போறா.

டெல்மர்: போன மாசம்தானே பேட்டரி மாத்தின?

ஆர்லிஸ்: மாத்தினேன்... குளிரு. இந்தக் குளிர்ல எதுதான் தாங்குது.

டெல்மர்: பேட்டரிக்கு மாட்டுற கேபிள் பின்னாடி கெடக்கு. திரும்பினதும் முதல் வேலை உன் வண்டியைக் கிளப்புறதுதான்.

ஆர்லிஸ்: அதெல்லாம் அப்புறம். மறுபடி ஆரம்பி. டைமர் வச்சாச்சு.

டெல்மர்: என் பேரு டெல்மர் வர்ப்கா. அப்புறம் எழுத்தெழுத்தாச் சொல்லணும். எங்க தாத்தா விட்டுட்டுப் போன பேருக்கு அதுலயே அரை நிமிஷம் போயிரும். சரி, சொல்லியாச்சுன்னு வச்சுக்க. நான் விவசாயி. மக்காச்சோளமும் சோயாவும் போடறேன். எனக்கு... எனக்கு நானூத்தி எண்பது ஏக்கர் நிலம்.

ஆர்லிஸ்: ஏன் அந்த எடத்துல மட்டும் திக்குது?

டெல்மர்: தொண்டை கட்டிருச்சு.

ஆர்லிஸ்: காப்பி குடி. இன்னொரு தடவ சொல்லு. எத்தனை ஏக்கர்?

டெல்மர்: நானூத்தி எண்பது. உனக்குத் தெரியாதா?

ஆர்லிஸ்: எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமில்ல.

டெல்மர்: மழை பொய்ச்சாலும், சோளம் விலை விழுந்தாலும், சொத்து வரி மட்டும் விழறதில்லைங்க. பக்கத்து நிலத்தை எவனோ வெளியூர்க்காரன் அள்ளிக் குடுத்து வாங்கினா, என் நிலத்துக்கும் மதிப்பு ஏறிப்போச்சுங்கறாங்க. நான் விக்கலையே ஐயா. விக்காத நிலத்துக்கு வித்த விலையில வரி கட்டறேன்.

ஆர்லிஸ்: இது நல்லாருக்கே. இதை நான் எழுதலையே.

டெல்மர்: இப்ப வந்துச்சு. இந்த மசோதா என்ன சொல்லுதுன்னா, முடி வெட்டுறது, நாய் குளிப்பாட்டுறது, ட்ராக்டர் ரிப்பேரு, இதுக்கெல்லாம் விற்பனை வரியை நீட்டுவோம், அதுல வர்றத வச்சு சொத்து வரியக் குறைப்போம்னு...

ஆர்லிஸ்: மசோதா என்ன சொல்லுதுன்னு அவங்களுக்கே நீ சொல்லாத. எழுதினவங்களே அவங்கதான். உன் கதைக்கு வா.

டெல்மர்: இன்னொரு வருஷம் இப்படியே போச்சுன்னா வடக்கு வயலை விக்கணும். நூத்தி அறுபது ஏக்கர். அது போச்சுன்னா எம் பொண்ணு ஷெல்பி டென்வர்லேர்ந்து திரும்பி வர்றதுல அர்த்தமில்ல. மிச்சம் முன்னூத்தி இருபது. அதுல ஒரு அடுப்பு எரியறதே கஷ்டம். ரெண்டு அடுப்பு எப்படி எரியும்?

ஆர்லிஸ்: ரெண்டு நிமிஷம் நாப்பது. சரியா வந்துருச்சு... ஷெல்பிகிட்ட பேசினியா?

டெல்மர்: ஞாயித்துக்கிழமை பேசணும்.

ஆர்லிஸ்: பேசணும்னா?

டெல்மர்: பேசணும்னா பேசணும். இப்ப நீ உன்னுதைச் சொல்லு.

ஆர்லிஸ்: என் பேரு ஆர்லிஸ் நைகார்ட். எங்க ஊர்ல இருக்கிற ஒரே சலூன் என்னுது. வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு எழுபது தாண்டினவங்க, புருஷன் இல்லாதவங்க. அரை டாலர் ஏத்தினாலே, "இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வர்றேன் ஆர்லிஸ்"ம்பாங்க. தரையப் பாத்துக்கிட்டே சொல்லுவாங்க. ட்ராக்டர் வச்சிருக்கிறவருக்கு வரி குறையணும்னு பென்ஷன்ல காலந்தள்ளுற கிழவி தலைக்கு வரி போடுறது நியாயமா?

டெல்மர்: அந்த ட்ராக்டர்... என்னைக் குத்துது.

ஆர்லிஸ்: குத்தத்தான் எழுதினேன்.

டெல்மர்: இருபது டாலருக்கு ஒரு டாலர் பத்து சென்ட்டு. அதுக்காகவா வராம இருப்பாங்க?

ஆர்லிஸ்: உனக்குப் புரியல. வாரத்துல ஒரு நாள் அவங்க தலையத் தொடுற கை என் கை ஒண்ணுதான். அத விட்டா டாக்டரு. சில பேரு கழுவும்போதே கண்ண மூடித் தூங்கிருவாங்க. அதுல ஒரு வாரத்த எடுத்துட்டா...

டெல்மர்: இதையும் அங்க சொல்லு.

ஆர்லிஸ்: சொன்னா அழுதுருவேன். மைக் முன்னாடி மூக்க சிந்திக்கிட்டு நிக்கச் சொல்றியா?

டெல்மர்: எனக்குப் புரியலன்னு சொன்னியே. எம் பொண்டாட்டி வெர்னா போனப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் எதுக்கு வர்றேன்னு நெனச்ச? என் தலையில வெட்டறதுக்கு என்ன இருக்கு?

ஆர்லிஸ்: பதினோரு முடி. எண்ணியிருக்கேன்.

டெல்மர்: பன்னெண்டு.

ஆர்லிஸ்: ஒண்ணு போன தடவ கையோட வந்துருச்சு. உன் மனசு நோகும்னு சொல்லல... ஆத்தோரம் பாரு, நாரைங்க வந்து எறங்கியிருக்கு. இந்த வருஷம் சீக்கிரமாவே வந்துருச்சு.

டெல்மர்: அதுங்களுக்கென்ன. வரியா, வட்டியா.

ஆர்லிஸ்: சரி, இன்னொரு தடவ. எத்தனை ஏக்கர்?

டெல்மர்: விடமாட்டியா நீ?

*

டெல்மர்: எத்தனை பேரு வந்திருக்காங்க. இந்த வராந்தா பூரா ஆளு. அங்க பாரு, நாய் குளிப்பாட்டுறவங்க சட்டையில முடியோட வந்து உக்காந்திருக்காங்க.

ஆர்லிஸ்: தாளைப் பூர்த்தி பண்ணு. ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா?

டெல்மர்: ஆதரவு. நீ எதிர்ப்புல போட்டுட்டியா? நடுநிலைன்னு போட்டா என்ன கொறஞ்சா போயிருவ?

ஆர்லிஸ்: நடுநிலைன்னு போடறதுக்கு நான் வீட்டுலயே படுத்திருப்பேனே. தொப்பியக் கழட்டு. காலர் மடிஞ்சிருக்கு, இப்படித் திரும்பு.

டெல்மர்: மைக்குல சொல்றதெல்லாம் பதிவாகுமாமே?

ஆர்லிஸ்: ஒவ்வொரு சொல்லும். நூறு வருஷம் கழிச்சு யாராச்சும் எடுத்துப் படிப்பாங்க. டெல்மர் வர்ப்கான்னு ஒருத்தர் இருந்தாரு, பன்னெண்டு முடியோடன்னு.

டெல்மர்: அதுல தப்பாச் சொன்னா அது தப்பாவே நிக்கும்.

ஆர்லிஸ்: என்ன தப்பு?

டெல்மர்: ஒண்ணுமில்ல.

ஆர்லிஸ்: எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?

டெல்மர்: என்னைத்தான் கூப்பிடறாங்க.

*

தலைவர்: வாங்க ஐயா, உக்காருங்க. பேரைச் சொல்லி, எழுத்தெழுத்தாவும் சொல்லிடுங்க. மஞ்சள் விளக்கு வந்தா ஒரு நிமிஷம் பாக்கி. சிவப்பு வந்தா முடிச்சிடணும்.

டெல்மர்: டெல்மர் வர்ப்காங்க.

தலைவர்: எழுத்தை இன்னொரு தடவ மெதுவாச் சொல்லுங்க... சரி, எழுதியாச்சு. ஆரம்பிங்க.

டெல்மர்: நான் விவசாயி. மக்காச்சோளம், சோயா. எனக்கு... எனக்கு...

தலைவர்: அவசரமில்ல. தண்ணி இருக்கு பாருங்க.

டெல்மர்: எனக்கு முன்னூத்தி இருபது ஏக்கர் நிலம். இந்தத் தாள்ல நானூத்தி எண்பதுன்னு இருக்கு. போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் அது சரி. எழுதிக் குடுத்தவங்க மேல தப்பில்ல. அவங்ககிட்ட நான் சொல்லல.

தலைவர்: வித்துட்டீங்களா?

டெல்மர்: கையெழுத்துப் போட்டாச்சுங்க. நாலு வருஷமா வரி கட்டறதுக்குக் கடன் வாங்கினேன். அஞ்சாவது வருஷம் கடன் குடுக்கறவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

தலைவர்: அப்ப இந்த மசோதாவால உங்களுக்கு...

டெல்மர்: எனக்கு இது பஸ் போனப்புறம் கை காட்டுற கதைதாங்க. ஆனா எம்பக்கத்து நிலத்துக்காரன் இருக்கான், சின்ன வயசு, ரெண்டு கொழந்தைங்க. அவன் இன்னும் விக்கல. மாடு கன்னு போடுற சமயம், அவனால வரமுடியல. அவனுக்காக வந்தேன்னு எழுதிக்குங்க.

தலைவர்: மஞ்சள் வந்துருச்சு ஐயா.

டெல்மர்: தெரியுதுங்க. இன்னொண்ணு. எனக்கப்புறம் ஒரு அம்மா எதிர்த்துப் பேசுவாங்க. அவங்க சொல்றதும் நெசம். நான் ஆதரவுன்னுதான் எழுதியிருக்கேன், மாத்தல. ஆனா எனக்குக் குறைக்கிறதுக்கு அந்தம்மா கடைக்கு வர்ற கிழவிங்கதான் கெடைச்சாங்களா, வேற யாரும் இல்லையான்னு கொஞ்சம் தேடிப் பாருங்க. நீங்க படிச்சவங்க. சிவப்பு வந்துருச்சு. நான் எந்திரிச்சுக்கறேன்.

*

தலைவர்: எதிர்க்கிறவங்கள்ல அடுத்தவங்க.

ஆர்லிஸ்: ஆர்லிஸ் நைகார்ட். எழுத்தெல்லாம் தாள்ல இருக்கிறபடிதான். நான் முடி வெட்டுறவ. எழுதிட்டு வந்ததை இப்ப படிக்கப் போறதில்லைங்க. அதுல ட்ராக்டர் வச்சிருக்கிறவரைப் பத்தி ஒரு வரி இருக்கு. அது இப்ப வாயில வரல.

தலைவர்: அப்ப நடுநிலைன்னு மாத்திக்கறீங்களா?

ஆர்லிஸ்: இல்லைங்க. எதிர்ப்புதான். எங்கிட்ட வர்ற கிழவிங்களால தாங்க முடியாது, அதுல மாத்தமில்ல. ஆனா முன்னாடி பேசினவரால தாங்க முடியலன்றதும் என் கண்ணால பாத்ததுதான். பசியில இருக்கிற ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ரொட்டிய வச்சுட்டு, யாரு பாதிய விட்டுக் குடுக்கறீங்கன்னு கேக்கறீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்தோம். ஒரே வண்டியிலதான் திரும்பிப் போகணும். அவ்வளவுதாங்க.

தலைவர்: இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கும்மா.

ஆர்லிஸ்: இருக்கட்டும். முன்னாடி பேசினவரு தொண்டை அடைச்சு நின்னாரே, அந்தக் கணக்குல கழிச்சுக்குங்க.

*

டெல்மர்: திட்டணும்னா திட்டிரு.

ஆர்லிஸ்: பன்னைச் சாப்பிடு. உள்ள வச்ச கறி ஆறுது.

டெல்மர்: ஒரு மணி நேரமா வாயத் தொறக்கலையே நீ. நீ பேசாம வந்தா எனக்குப் பக்குங்குது.

ஆர்லிஸ்: பேசினா நீ ரோட்டைப் பாக்க மாட்ட.

டெல்மர்: ஷெல்பிக்கு இன்னும் தெரியாது. அவகிட்ட முதல்ல சொல்லிட்டு அப்புறம் உங்கிட்ட சொல்லலாம்னு... இல்ல, அதுவும் பொய்யி. நாக்கு வரல ஆர்லிஸ். எங்கப்பா நாப்பது வருஷம் கட்டிக் காத்தத நான் ஒரு பேனாவுல முடிச்சுட்டேன். காலையில நீ எத்தனை ஏக்கர்னு கேக்கும்போதெல்லாம் இப்ப சொல்லிடுவோம், இப்ப சொல்லிடுவோம்னு பாத்தேன்.

ஆர்லிஸ்: நானும் பாத்தேன்.

டெல்மர்: என்ன பாத்த?

ஆர்லிஸ்: சொல்லிடுவியான்னு பாத்தேன். எத்தனை தடவ கேட்டேன்.

டெல்மர்: ...உனக்குத் தெரியுமா?

ஆர்லிஸ்: பத்திர ஆபீஸ் ட்ரீவா புதன்கிழமை சாயம் போட வந்தா. நாப்பது நிமிஷம் சும்மா உக்காரணுமில்ல.

டெல்மர்: யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே.

ஆர்லிஸ்: அவளும் அதையேதான் சொன்னா. என் நாற்காலியில உக்காந்து எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க.

டெல்மர்: தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு நானூத்தி எண்பதுன்னு எழுதிக் குடுத்த?

ஆர்லிஸ்: உன் வாயால வராதத நான் எப்படி எழுதுறது? உங்கப்பா நிலம். நீதான் சொல்லணும்.

டெல்மர்: இன்னைக்குக் காலையில வடக்கு வயல் வழியா வரல. நாலு மைல் சுத்தி வந்தேன்.

ஆர்லிஸ்: கவனிச்சேன்.

டெல்மர்: ஞாயித்துக்கிழமை ஷெல்பிக்குப் போன் போடும்போது நீ வந்து உக்காந்திருக்கியா? ஒண்ணும் பேச வேணாம். சும்மா.

ஆர்லிஸ்: மிளகாய்க் கறி பண்ணி எடுத்துட்டு வர்றேன். பட்டை போட்ட ரொட்டியும். உன் வீட்டு அடுப்பு எரிஞ்சு எத்தனை நாளாச்சோ.

டெல்மர்: இந்தா, உன் வீட்டுத் தெருவே வந்துருச்சு. கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே கேபிள் போட்டு உன் வண்டியக் கிளப்பிட்டுப் போயிடறேன்.

ஆர்லிஸ்: வேணாம்.

டெல்மர்: அஞ்சு நிமிஷ வேலை.

ஆர்லிஸ்: வேணாங்கறேன்ல. வீட்டுக்குப் போயி படு.

டெல்மர்: காலையில கடைக்கு எப்படிப் போவ? பேட்டரி படுத்துருச்சுன்னா அது தானா எந்திரிக்காதும்மா.

ஆர்லிஸ்: பேட்டரிக்கு ஒண்ணுமில்ல டெல்மர். நேத்து சாயங்காலம் கூட அந்த வண்டியிலதான் சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேன். நிலத்தை வித்துட்டு வர்ற மனுஷன் ரெண்டரை மணி நேரம் தனியா ஓட்டிக்கிட்டு வரக் கூடாதுன்னுதான் பொய் சொன்னேன்.