பள்ளத்தாக்கில் இடம் கொடுத்தவர்கள்

மாலை ஐந்தரைதான். ஆனால் இந்தத் தெற்குக் கோடியில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம்... அதற்குள் இருட்டிவிட்டது. பள்ளத்தாக்கின் விளிம்பையொட்டிப் போகும் சரளைப் பாதை. வீடில்லை, விளக்கில்லை. காற்று மட்டும்.

நம்மோடு கம்பளி கத்தரிக்கிறானே ஓவிதியோ, அவனுடைய தாய்மாமன் ரோசெந்தோவுக்கு நடந்தது இது. தொலைந்த ஆடுகளைத் தேடிப் போய், வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். கூட அவர் மனைவியின் தம்பி திரான்சிதோ. ஆளுக்கொரு குதிரை.

"குறுக்கு வழின்னு கூட்டிட்டு வந்தியே மாமா... இது எங்க போவுது? நேரா பரலோகத்துக்கா?"

"உன்னையெல்லாம் அங்க சேக்க மாட்டாங்கடா. வாய மூடு, குளிர்காத்து உள்ள போவுது."

அதுதான் அவர்கள் கடைசியாகச் சிரித்தது. பனி கொட்டத் தொடங்கியது. குதிரையின் காதுகூடத் தெரியவில்லை. பாறைச் சரிவில் ஒரு குடைவு தட்டுப்பட்டது. உங்களுக்குத் தெரிந்த இடம்தான்... சுவர் முழுக்க ஆதிகாலத்து மனிதர்களின் அந்தக் கை அச்சுகள். பொழுது சாய்ந்தால் அங்கே ஆடுகூட ஒதுங்காது. ஆனால் வேறு வழியில்லை. குதிரைகளை வெளியே முட்புதரில் கட்டிவிட்டு இருவரும் உள்ளே ஊர்ந்தார்கள்.

தீக்குச்சிகள் நனைந்து கூழாகியிருந்தன. தின்ன ஒன்றுமில்லை. திரான்சிதோ பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். பிறகு... நடுக்கம் நின்றுவிட்டது. குளிரில் நடுக்கம் நின்றவன் பிழைப்பது அரிது.

"டேய், தூங்காதடா. உங்கக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

ரோசெந்தோ அவன் கன்னத்தில் ஓங்கித் தட்டினார்; தலை ஒருபக்கம் சரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். குடைவின் ஆழத்தில்... டொக். கல்லின் மேல் கல். டொக்... டொக். பிறகு வாசனை. மயிர் பொசுங்கும் நாற்றம், அதன் பின்னாலேயே கொழுப்பு உருகும் மணம். நெருப்போ ஒரு பொட்டுக்கூடக் கண்ணில் படவில்லை.

ரோசெந்தோவின் உள்ளங்கையில் ஏதோ வைக்கப்பட்டது. சூடாக. நீளவாக்கில் பிளந்த எலும்பு. பசி... யோசிக்கவில்லை. உறிஞ்சினார். மஜ்ஜை வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கியது.

பிறகு ஒரு முதுகு அவர் முதுகோடு வந்து ஒட்டியது. மறுபுறம் இன்னொன்று. மூச்சுகள்... நிறைய மூச்சுகள். குழந்தைகள் குளிருக்குச் செய்வார்களே, அதைப் போல ஒரு சின்னஞ்சிறு பாதம் அவர் முழங்கால்களுக்கு நடுவே நுழைந்து ஒண்டிக்கொண்டது. கனமான, ஈரமான ஏதோ ஒன்று எல்லோர் தலைக்கும் மேலாக இழுத்து மூடப்பட்டது.

பயந்தாரா? பயந்தார். ஓடினாரா? ஓடவில்லை. வெளியே போனால் சாவு. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது... ஆனால் சூடாக இருந்தது.

விடிந்தபோது திரான்சிதோ எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது.

"மாமா, ராத்திரி எனக்கு ஊட்டிவிட்டியே, அது ஏது?"

"நான்... ஊட்டலடா."

அவர்கள் மேல் கிடந்தது ஒரு தோல். உள்பக்கம் சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது. புரட்டிப் பார்த்தார்கள். செம்பழுப்பு மயிர், நடுவே வெள்ளைத் திட்டு. திரான்சிதோவின் குதிரை.

வெளியே ரோசெந்தோவின் குதிரை மட்டும் நின்றது, வியர்வை உறைந்து, கண்கள் பிதுங்கி. பனியில் ஒரு சொட்டு ரத்தமில்லை. குடைவின் மூலையில் எலும்புகள் குவிந்து கிடந்தன, எல்லாம் கருகி, நீளவாக்கில் பிளந்து. சாம்பல் மட்டும் எங்கேயும் இல்லை. இருவருடைய கத்திகளும் இடுப்பில், உறையோடு பனியில் இறுகியிருந்தன.

"போயிடலாம் மாமா."

ரோசெந்தோ அசையவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பாறையில் வைத்து, வாயால் செஞ்சாயம் ஊதி எடுத்த அச்சுகள்... எல்லாம் மங்கி, உலர்ந்து, பாறையோடு பாறையாகிப் போனவை. தாழ்வாக, அவர்கள் தலை வைத்திருந்த இடத்தருகே, இரண்டு மட்டும் ஈரமாக இருந்தன.

மெல்லத் தன் இடக்கையைத் தூக்கினார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது. புறங்கை, மணிக்கட்டு வரை சிவப்பு.

"ஐயோ மாமா..." திரான்சிதோ பின்னால் நகர்ந்தான். "எனக்கு ஒண்ணுமில்ல. நான் கையுறையே கழட்டலயே! நீதானே நேத்து முடிச்சுப் போட்டுவிட்ட, பாரு!"

உண்மைதான். தோல் வாரின் முடிச்சு அப்படியே பனிக்கட்டியாய் உறைந்திருந்தது. அவிழ்க்க முடியவில்லை. ரோசெந்தோ உறையைக் கல்லில் தட்டிக் கத்தியை உருவி, வாரை அறுத்தார். கையுறையை விரல் விரலாக இழுத்தார்.

உள்ளங்கை வெளுப்பாக இருந்தது.

புறங்கையில்... சாயம் இன்னும் காயவில்லை.