இருபத்தைந்தாவது ஆட்டம்

எங்கள் பஃபலோ நகரத்தில் பனிக்காலத்தில் வாசற்படிக்கு உப்புப் போடாதவனை யாரும் மதிப்பதில்லை. பனிக்கட்டி உருக வேண்டும், தபால்காரர் விழக் கூடாது. பதினோரு வருடமாக நான் தவறாமல் போடுகிறேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

என் வேலையைக் கேட்டீர்கள். கூடைப்பந்து அணியில் விதிகளைப் பார்த்துச் சொல்பவன். ஓர் அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. புதிய ஆட்டக்காரர் ஒருவரை வாங்க வேண்டுமென்றால் அந்த வரம்புக்குள் இடம் வேண்டும். இடம் கண்டுபிடிப்பது எனக்குப் பிடிக்கும். சின்னப் பெட்டியில் நிறையத் துணி அடுக்குவது மாதிரி.

எங்கள் ஆட்டக்காரர் லமார் பிக்கெட்டின் முழங்கால் போனபோது அப்படித்தான் இடம் கிடைத்தது. இனி ஆடவே முடியாது என்று மருத்துவர் எழுதித் தந்தால் அவர் சம்பளம் வரம்பிலிருந்து நீங்கிவிடும். அவருக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. அவர் தேறிவந்து வேறு அணிக்கு ஒரே பருவத்தில் இருபத்தைந்து ஆட்டம் ஆடிவிட்டால், அந்தச் சம்பளம் திரும்ப வரம்புக் கணக்கில் சேர்ந்து எங்கள் தலையில் ஏறும்.

இரண்டு வருடம் கழித்து லமார் தேறிவந்து வேறு அணியில் சேர்ந்தார். நானே வாழ்த்து அனுப்பினேன். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை இரவு அவருடைய இருபத்தைந்தாவது ஆட்டம், எங்கள் ஊரில், எங்கள் அணிக்கு எதிராக. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு மறுநாள் பிற்பகல் முடிகிறது. ஐந்து வாரம் உழைத்து ஒரு நல்ல பரிமாற்றத்தை அமைத்திருந்தேன். லமார் களமிறங்கினால் அதற்கு இடமிருக்காது. ஓர் இரவு அவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்று மதியம் அவரை என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"என்ன வாத்தியாரே, காகிதத்துல என்னைச் சாகடிச்சுட்டு இப்ப கோழி இறக்கை வாங்கி வச்சிருக்கீங்க?"

"ஆறிப்போகும், சாப்பிடுங்க."

"ராத்திரி நான் இறங்கினா என் சம்பளம் உங்க தலையில வந்து உக்காருமாமே. எங்க பசங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"உக்காரட்டும். பழகின தலைதானே."

அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஏழு வயது. அப்பா ஆடி அவள் நேரில் பார்த்ததில்லை. "முன்வரிசைடா கண்ணு. அப்பாவுக்கு முட்டி இப்ப புதுசு, பாத்துக்க" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் தேநீருக்கு வைத்த கெட்டிலை எடுத்துப்போய் வாசற்படிகளில் ஊற்றினேன். வெந்நீர் சீராகப் பரவும். அந்தக் குளிரில் சில நிமிடங்களில் கண்ணாடிபோல் உறைந்துவிடும்.

கெட்டிலை அடுப்பில் வைத்தபோது எங்கள் மேலாளர் அழைத்தார். "பரிமாற்றத்துக்கு அவங்க இப்பவே ஒத்துக்கிட்டாங்கப்பா. பதிவும் ஆயிடுச்சு. இனி லமார் ஆடினா என்ன, ஆடாட்டி என்ன."

மகிழ்ச்சியாக இருந்தது. லமாருக்கு இன்னும் நான்கு இறக்கை வைத்தேன். இருபது நிமிடம் பழைய கதை பேசினோம்.

கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டார். "ராத்திரி எனக்குக் கை தட்டணும் வாத்தியாரே. எதிரணின்னு பாக்கக் கூடாது."

"கண்டிப்பா" என்றேன். கதவைத் திறந்துவிட்டதும் நான்தான்.

நான் எதிர்பார்த்தது முழங்கால். கழுத்து என் திட்டத்தில் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் கொலைகாரன் இல்லை.

உப்பு மூட்டை எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். கதவுக்குப் பக்கத்தில், என் காலருகில்தான். ஆனால் நான் வீட்டுச் செருப்புதான் போட்டிருந்தேன். வெளியே நல்ல குளிர்.