பாதியிலேயே சாகுற பெட்டி

...டிவியில மாட்டுற இந்த ஆண்ட்ராய்டு பெட்டிக்குப் பல்குச்சியும் விட்டுப் பாத்துட்டேன் தம்பி! பின்னால சின்ன ஓட்டை இருக்குல்ல, அதுக்குள்ள விட்டு அமுக்கிக்கிட்டே கரண்ட்டப் போடணுமாம். பக்கத்து வீட்டு ராட்னி சொன்னான். போட்டேன். புது சாஃப்ட்வேர் ஏறுது... நல்லாத்தான் ஏறுது... பாதியில பொட்டுன்னு செத்துருது. வாரம் பூரா இதே கூத்துலா!

நீ ரிப்பேர் வேலையப் பாரு, உன் கடையில நான் சும்மா பேசிக்கிட்டு இருக்கேன்.

பென்டிரைவ மாத்துனேன். கோப்பெங் வரைக்கும் போயி புது வயர் வாங்குனேன். அந்தக் கடைக்காரன் மூஞ்சியும் மொகரையும்! நல்ல வயருங்கிறான். நல்ல வயருன்னா ஏன்டா பாதியில நிக்குது? ராட்னியக் கேட்டா, ‘அங்கிள், ஏறி முடியிற வரைக்கும் கரண்ட் நிக்கக்கூடாது’ங்கிறான். நின்னாத்தானே? எங்க தாமான்ல எந்த வீட்லயும் கரண்ட் நிக்கவே இல்ல. ஃபேன் ஜம்முன்னு ஓடுது!

இத்தனைக்கும் பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடும். புது சாஃப்ட்வேர் ஏத்துனா பறக்கும்னான் ராட்னி. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாப் போச்சு. என் வீட்டுக்காரி கலாதேவி லூமுட்டுல இருக்கா, மக துளசிக்குப் பிள்ளை பொறந்திருக்கு. போறப்பவே, ‘என் பெட்டியத் தொட்டீங்க...’ன்னா. முடிக்கக்கூட இல்ல. இன்னைக்கு வாரா. இன்னைக்குன்னு பாத்து அவ இதுல பாக்குற டிவி நாடகம் கடைசி நாளு. போன வருசம் மிக்சியக் கழட்டுனதுக்கே ஒரு மாசம் பேசல தம்பி. திட்டுனாத் தாங்கிக்குவேன். பேசலன்னா எனக்குச் சோறு எறங்காது.

எவ்வளவு ஏறியிருக்கு? முக்காவாசியா! அடி சக்கை! எங்க வீட்ல இந்த எடத்துக்கு வந்ததே இல்ல. கைராசிக்காரன்யா நீ. இன்னும் கொஞ்சம்...

அலாமாக்! இடி! நகரு, நகரு...

ஹப்பா! பிளக்கப் பிடுங்கிட்டேன், பயப்படாத. எஸ்டேட்டுல இருந்தப்ப ஒரே இடியில லயத்துல இருந்த டிவி பூரா போச்சு. அன்னையிலேர்ந்து வானம் லேசா உறுமுனாப் போதும், கை தானா பிளக்குக்குப் போயிரும். ஈப்போவுலதான் தெனம் சாயங்காலம் மழையாச்சே. வீட்லயும் நான்தான் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போயி டக்குன்னு பிடுங்கிப் பெட்டியக் காப்பாத்துனேன்...

ஏன் அப்படிப் பாக்குற?

...ஒவ்வொரு தடவையும்... ஏறிக்கிட்டு இருக்கறப்பவா?

அட கூறுகெட்டவனே! உன்ன இல்ல தம்பி, என்னையச் சொன்னேன்.

சரி, மறுபடி போடு. மொதல்லேர்ந்தா? ஐயையோ... இரு, போன் அடிக்குது. அவதான். ‘ஆ, சொல்லு கலா... பஸ்ஸ விட்டு எறங்கிட்டியா... எந்தக் கடை? நான் எந்தக் கடையிலயும்...’

தம்பி! உன் கடை வாசல்ல என் மோட்டார் சைக்கிளப் பாத்துட்டாளாம், உள்ள வாரா! கேட்டா, இடியினால ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு. பொய் இல்லலா! இடியினாலதானே போச்சு!