பின்னால் சேர்த்த இரண்டு இலக்கம்

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் மூளைக்கு மாதம் ஏழாயிரம் ரூபாய். விலை வைத்தவன் நான்தான். அவள் வாய் திறந்து கேட்டிருந்தால் பத்து வரைக்கும் போயிருப்பேன், கேட்கவில்லை. பேரம் பேசத் தெரியாதவர்களிடம் வாங்கும்போது மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அதற்காக யாரும் வாங்காமல் வந்துவிடுவதில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் ஆர்த்தி விஷயத்தை மட்டும்தான் எழுதித் தரச் சொன்னீர்கள். அந்த ஆண்டிமடத்துப் பெண்ணின் புகார் உண்மை. அவளுக்கு வந்த எம்.எஸ்சி. சீட்டை அவளுக்குத் தெரியாமல் 'வேண்டாம்' என்று அமுக்கியது என் கைதான். ஆர்த்தி சூட்டிகையானவள். தன் போனிலேயே விண்ணப்பப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்து, சீட்டுக் கொடுத்த கல்வி நிறுவனத்துக்குப் பேசி, சீட்டை மீட்டுவிட்டாள். ஆனால் அவளுக்கு முன்னால் ஒருத்தி இருக்கிறாள். அவள் உங்களிடம் வர மாட்டாள். புகார் சொல்ல ஏதோ இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குருநாதன். பெரம்பலூரில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். அப்பா சின்ன வெங்காயத்துக்குக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். அவரிடம் நான் படித்தது ஒன்றுதான்: பிடித்த சரக்கைப் பார்த்து முகம் மலரக் கூடாது. மூட்டை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முகத்தைச் சுளிப்பார். ஒரு வெங்காயத்தை எடுத்து, தாள் அறுத்த இடத்தை நசுக்கிப் பார்த்து, "கழுத்து காயலியேப்பா" என்பார். கொண்டுவந்த விவசாயியே குழம்பிப்போய், "காலையில வண்டி ஏத்தும்போது நல்லாத்தானேங்க இருந்துச்சு" என்று தன் வெங்காயத்தைத் தானே முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகு அப்பா சொன்னதுதான் விலை.

வருஷா வருஷம் ஜூன் மாதம் என் சென்டரில் பெற்றோர்களைக் கூட்டி, பி.எஸ்சி. கணிதம் படித்தால் என்னவெல்லாம் ஆகலாம் என்று பேசுவேன். பேங்க் பரீட்சை எழுதலாம், குரூப் ஃபோர், குரூப் டூ எழுதலாம், பி.எட். முடித்து வாத்தியாராகலாம், கம்பெனிகளில் டேட்டா பார்க்கலாம், இன்ஷூரன்ஸில் யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட்டே காரில் போகலாம். ஒருமுறை ஒரு அம்மா எழுந்து, "கணக்குப் படிச்சா கடைசியில கணக்குப்புள்ள வேலைதானே சார்" என்றார். "இல்லம்மா, அதுக்கு பி.காம். படிக்கணும்" என்றேன். கூட்டம் சிரித்தது. மேலே எம்.எஸ்சி., ஆராய்ச்சி என்று போகலாம் என்பதையும் சொல்வேன். அதை மட்டும் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

அந்தச் சிரிப்பிலும் அதைக் காதில் வாங்கியவள் பிரவீணா. அரசுக் கல்லூரியில் கணிதம் கடைசி வருஷம் படித்துக்கொண்டு, சாயங்காலம் என்னிடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா பிச்சைமுத்து, மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். அவள் வந்த பிறகு சென்டரில் பிள்ளைகள் இரண்டு மடங்கானார்கள். மாடியையும் கடன் வாங்கி வாடகைக்கு எடுத்தேன். கணக்கை அவள் நடத்துவதைப் பார்க்க வேண்டும். போர்டில் எழுதிக்கொண்டே வருவாள், பாதியில் நிறுத்தி, "இதுக்கு மேல நானே தேவையில்ல, அதுவே வந்துடும்" என்பாள். வந்துவிடும். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வேகம் பத்தலம்மா" என்பேன்.

எம்.எஸ்சி.க்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன் என்றாள். தடுக்கவில்லை. தடுத்தால் சரக்கு நல்ல சரக்கு என்று தெரிந்துவிடும். நானே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். அவள் வீட்டில் இருந்தது அப்பாவின் பட்டன் போன் ஒன்றுதான். அதனால் என் நம்பர், என் மெயில். அப்போது மனசில் எதுவும் இல்லை மேடம். நம்புங்கள் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் இல்லை.

முடிவு என் போனுக்கு வந்தது. அகில இந்திய அளவில் நாற்பத்தொன்றாவது இடம். அன்று காலைதான் மாடிக்கு மின்விசிறிகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்த மதிப்பெண் தாளில் நாற்பத்தொன்றுக்குப் பின்னால் இரண்டு இலக்கம் சேர்த்தேன். இருந்ததை அழிக்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. மார்க்கை அதற்குத் தகுந்தபடி இறக்கி, பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சீட்டு வந்தபோது 'வேண்டாம்' என்று அமுக்கினேன்.

முடிவு கேட்க பிச்சைமுத்து கடைத்தெருவிலிருந்து நேராக வந்தார். கையில் சக்கரம் வைத்த புதுப் பெட்டி. அரியலூர் போய் மகளை ரயில் ஏற்றிவிட வாங்கியது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பெட்டியின் பிடியை இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தார்.

"இத திருப்பிக் குடுத்தா கடைக்காரரு எடுத்துப்பாராங்க?"

"பாதிதான் தருவான். இருங்க, நான் வரேன்."

கூடவே போய்ப் பேசி முழுப் பணத்தையும் வாங்கிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி ஏமாந்துருப்பேன் சார்" என்றார். அன்று முழுக்க நான் ஒரு நல்ல காரியம் செய்ததாகவே இருந்தது.

பிரவீணா அழவில்லை. மறுநாள் விடைக்குறிப்போடு வந்தாள்.

"கீயை வச்சுப் பாத்தா எல்லாம் சரியா வருது சார். இவ்ளோ கம்மியா வர வாய்ப்பே இல்ல."

"பதட்டத்துல வேற ஆப்ஷனை அமுக்கியிருப்பம்மா."

"இல்ல சார். அமுக்குனது நல்லா ஞாபகம் இருக்கு."

"உன் ஞாபகம் தப்பா, கம்ப்யூட்டர் தப்பா? நீயே சொல்லு."

போய்விட்டாள். அந்த வினாத்தாளை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். வேறு வேறு வழியில் போட்டாள். பிள்ளைகள் வருவதற்கு முன் காலி வகுப்பில் உட்கார்ந்து, இல்லாத தப்பைத் தேடினாள். நான் பார்த்துக்கொண்டு போவேன். ஒருநாள் அவளே என் மேசைக்கு வந்தாள்.

"தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன் சார்."

எண்ணிக்கொண்டிருந்த ஃபீஸ் பணத்தைக் கீழே வைத்தேன்.

"கணக்குல இல்ல சார். அதுல எத்தன தடவ பாத்தாலும் சரின்னுதான் தோணுது. தப்பு பண்ணும்போதும் எனக்குச் சரின்னேதான் தோணியிருக்கு. அப்ப எனக்குச் சரின்னு தோணுறதுக்கு அர்த்தமே இல்லல்ல? அதான் தப்பு."

அமைதியாகச் சொன்னாள், ஒரு தேற்றத்தை நிரூபித்து முடித்தவளைப் போல. நானும் கணிதம் படித்தவன்தான் மேடம். அவள் தர்க்கத்தில் ஒரு ஓட்டை கிடையாது. எடுத்துக்கொண்ட முதல் வரி மட்டும்தான் பொய். அதை நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம், கட்டணம் கட்டி சீட்டைத் திரும்பக் கேட்க நாள் இருந்தது. "அப்படியெல்லாம் மனச விட்றாதம்மா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

அரியலூரில் பி.எட். சேர்ந்தாள். கட்டணம் நான் கட்டினேன். "அடுத்த வருஷம் அந்தத் தேர்வை இன்னொருக்கா எழுதிப் பாரேன்" என்றுகூடச் சொன்னேன். எழுத மாட்டாள் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் சொன்னேன். "வேணாம் சார், எனக்கு அவ்ளோதான்" என்றாள்.

இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. இன்றும் என்னிடம்தான் எடுக்கிறாள். போர்டில் பாதியில் நிறுத்துவதில்லை. கைடில் விடையைப் பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸைத் தொடுகிறாள். போன மாதம் போர்டில் ஏழெட்டு என்று வந்த இடத்தில் அவள் தயங்கி நிற்க, ஒரு பையன், "மிஸ், ஏழெட்டு அம்பத்தாறுதான் மிஸ், எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதான்" என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். அதற்கப்புறம் அவள் வகுப்பு நடக்கும்போது அந்தப் பக்கம் போவதில்லை. அந்த மாதமே சம்பளத்தைக் கூட்டினேன். "எதுக்கு சார் இதெல்லாம்" என்றாள்.

அதே நுழைவுத் தேர்வுக்கு ஆர்த்தியைத் தயார் செய்தது அவள்தான். "இவளுக்கு என்னை மாதிரி ஆகக் கூடாது சார், இவ நெசமாவே நல்லாப் போடுறா" என்றாள். அதைக் கேட்ட பிறகும் ஆர்த்திக்கு அதையே செய்தேன். பிரவீணாவுக்குப் பின்னால் சென்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியது. இதற்கு மேல் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

வரவு செலவை நேர் செய்து சொல்லிவிடுகிறேன். அவள் பக்கத்திலிருந்து நான் எடுத்தது: ஒரு சீட்டு, ஐந்து வருஷம், தன் புத்தி மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை. என் பக்கத்திலிருந்து போனது: பி.எட். கட்டணம், மாதச் சம்பளம், அவள் தங்கை கல்யாணத்துக்கு ஒரு மோதிரம். கழித்துப் பார்த்தால் கொடுக்க வேண்டியவன் நான்தான், மறுக்கவில்லை. என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு தவணை மட்டும் கொடுங்கள். இந்தத் தாளில் உள்ளதை மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை பிரவீணாவிடம் சொல்ல வேண்டாம். நான் உள்ளே போய்விட்டால், கணக்கு எடுக்க அவளை விட்டால் ஆள் இல்லை.