படத்துக்கு அடியில் ஒரு பட்டன்

— இருங்க சார், இருங்க! எதை அமுக்கினா எது ஏறுதுன்னு சொன்னீங்க?

— பதறாதீங்க மேடம், நிதானமா சொல்றேன். நான் பல் டாக்டர் கிளினிக்ல போன் எடுக்கறவன். நோயாளிங்க பேரு, வியாதி, மருந்து எல்லாம் உங்க சாஃப்ட்வேர்லதான் இருக்கு. சோதிச்சுப் பார்க்கச் சொல்லி நீங்க அனுப்பின புது வெர்ஷன் எங்ககிட்ட ஓடுது. காலையில இலவச காலண்டர்னு ஒரு மெயில். திறந்தா 'தொடரவும்'னு ஒரு படம். அந்தப் படத்துக்கு அடியில உங்க பெட்டி ஒளிஞ்சிருக்கு.

— எந்தப் பெட்டி?

— சாஃப்ட்வேரோட கூடுதலா ஒட்டிக்கற குட்டி புரோகிராம் ஏதாவது வந்தா, 'இந்த எக்ஸ்டென்ஷனை ஏத்தட்டுமா'ன்னு கேக்குமே, அந்தப் பெட்டி. 'தொடரவும்'னு நினைச்சு அமுக்கினா, உண்மையில அமுங்கறது 'ஏத்து'ங்கற பட்டன்.

— ஐயையோ! எவனோ எழுதின எக்ஸ்டென்ஷன் கேக்காமலே உள்ள பூந்துடுமே! நோயாளிங்க விவரத்தை மொத்தமா வாரிட்டுப் போயிடுமே!

— அதேதான் மேடம்.

— பன்னெண்டு மணிக்கு நாலாயிரம் கிளினிக்குக்கு இதை அனுப்பறோம் சார், இப்ப பதினொன்னே முக்கால்! லைன்லயே இருங்க... அண்ணே! அனுப்பாதீங்க! ஆமாண்ணே, காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல கீபோர்டுலேர்ந்து கையை எடுங்க!... அப்பாடா. நிறுத்தியாச்சு சார். போன உயிர் திரும்பி வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்.

— நிறுத்திட்டீங்கல்ல? போதும்.

— ஆறு பேர் ஒரு மாசமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தோம் சார். உங்களுக்கு மட்டும் எப்படித் தட்டுப்பட்டுச்சு?

— எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது மேடம். ஸ்க்ரீன்ல இருக்கறதைக் கம்ப்யூட்டர் எனக்கு வாய்விட்டுப் படிக்கும். மேல ஒட்டின படத்தை அது சட்டையே பண்ணலை. நேரா அடியில இருந்த பட்டனைப் படிச்சுடுச்சு. ஸ்க்ரீன்ல 'தொடரவும்'னு படம்தான் தெரியுதுன்னு பக்கத்துல இருந்த நர்ஸ் சொன்னாங்க.

— ஐயோ, மன்னிச்சுக்குங்க சார். விளக்கெண்ணெய் அது இதுன்னு உளறிட்டேன்.

— அட விடுங்க! எங்க வீட்டுக்காரி இதைவிட மோசமா பேசுவா.

— உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யறது, சொல்லுங்க.

— ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. பழைய வெர்ஷன்ல எதைத் தொட்டாலும் 'பட்டன், பட்டன்'னு மட்டும்தான் படிக்கும். எது என்னன்னு தெரியாம தப்பா அமுக்கி, டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். வேலையே போற மாதிரி ஆயிடுச்சு. புதுசுல யாரோ ஒவ்வொரு பட்டனுக்கும் அது என்ன செய்யும்னு எழுதி வெச்சிருக்காங்க. அவங்களுக்கு நன்றி சொல்லணும்னு போன வாரமே உங்க நம்பரை வாங்கி வெச்சேன். யாரு மேடம் அது?

— அது... நான்தான் சார். ரெண்டு வாரம் அதுலயே போயிடுச்சு. உருப்படியா ஒரு வேலையும் பாக்கலைன்னு மேனேஜர் காய்ச்சி எடுத்துட்டார்.

— நீங்களாம்மா! கையெடுத்துக் கும்பிடறேன்.

— ஐயோ சார், இன்னிக்கு எங்க எல்லாரையும் காப்பாத்தினது நீங்க. நான்தானே கும்பிடணும்?

— நீங்க மட்டும் எழுதி வெக்கலைன்னா, அது இன்னிக்கும் வெறும் 'பட்டன்'னுதான்மா படிச்சிருக்கும். நானும் அமுக்கியிருப்பேன்.