பதிலுக்குப் பிறகுதான் சோடா

எனக்குச் சோடா பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஏப்பம் வந்து பேச்சைக் கெடுக்கும். ஆனால் மேடையேறுகிறவருக்கு ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை.

கோவில்பட்டியில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு, ஊர் ஊராக வேட்பாளர்களை மேடையேற்றிக் கேள்வி கேட்டதும் நான்தான். அரசியல்வாதி வாயைத் திறந்தாலே எனக்குக் குமட்டும். தண்ணீர் வருமா என்று கேட்டால் தாத்தன் ஜெயிலுக்குப் போன கதையைச் சொல்வான். விளக்கெண்ணெயில் வெண்டைக்காயை நறுக்கிப் போட்ட வழவழப்பு. அதனால் ஒரு சட்டம் வைத்தேன். பதில் சொன்னால்தான் சோடா. கரிசல் வெயிலில் நாக்கு வறண்டால் உண்மை தானாக வரும். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சங்கிலிப்பாண்டி ஏற்கெனவே தலைவராக இருந்தவர், மறுபடியும் நின்றார். மேடைக்குப் பின்னால் அவர் மனைவி ஆவுடைத்தாய் என்னிடம் ஒரு பொட்டலத்தைத் தந்தார். சங்கிலிப்பாண்டியும் பக்கத்தில்தான் நின்றார்.

“அண்ணாச்சி, அவியளுக்கு மார்வலி உண்டு. சீக்காளின்னு தெரிஞ்சா ஓட்டு விழாதுன்னு மாத்திரையக் கையிலயே வச்சுக்கிட மாட்டேங்காவ. நெஞ்சப் பிடிச்சா நாக்குக்கடியில வச்சிருங்க. நீங்கதான பக்கத்துல நிக்கிய.”

சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரே கேள்விதான் கேட்டேன். “தொட்டி கட்டினீரு. தண்ணி எங்க வே?”

அவர் கட்சி வரலாற்றை ஆரம்பித்தார். அதையே திரும்பக் கேட்டேன். வியர்த்துக்கொண்டு சோடாவைப் பார்த்தார்.

“மொதல்ல பதில், பொறவு சோடா” என்றேன். கூட்டம் சிரித்தது. ஆவுடைத்தாய் ஆட்களை விலக்கிக்கொண்டு, “அண்ணாச்சி, மாத்திரை, மாத்திரை” என்று கத்தியபடி வந்தார். ஒலிபெருக்கி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

சங்கிலிப்பாண்டி நெஞ்சைப் பிடித்தார். பதில் தொண்டைவரை வந்துவிட்டது, ஐயா. மாத்திரையைக் கொடுத்தால் அதைச் சாக்காக வைத்து இறங்கிப் போய்விடுவார். தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் ஊருக்காகத்தான் பொறுத்திருந்தேன். எனக்கு அவர்மேல் பகையே கிடையாது. கேள்வி கேட்பதைக் கொலை என்று எழுதினால், நாளைக்கு எவன் கேட்பான்?

கடைசியில் பேச்சு வராமல், என் சட்டைப்பையை நோக்கிக் கையை நீட்டினார். நான் பையைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினேன்.

“பாத்தியளா, பதில் இல்லன்னதும் அடிக்க வாராரு” என்று மைக்கில் சொன்னேன். அவர் விழுந்த பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.